இரண்டும் வெள்ளரளி

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். போன ஆவணியில் கடத்தூரில் எனக்கே நடந்தது இது. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் என் நாக்கு அழுகட்டும்.

என் வீட்டுக்காரர் மாதவராஜுக்குக் கழுத்தில் கட்டி. தர்மபுரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோயா இல்லையா என்பது வெள்ளிக்கிழமை தெரியும். மனுஷன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கட்டியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை, "மாரியம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாம், சுகுணா" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் நல்லது. சிவப்பு வந்தால்... அதை அவர் தாங்கமாட்டார் என்றுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன்.

நான் வெள்ளை மட்டும் வாங்கினேன். கோயில் வாசலில் பூ விற்கும் கண்ணம்மாள், "செவப்பு வேணாங்களா?" என்றாள்.

"வூட்ல இருக்குதுங்க" என்றேன். பொய். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்துக் கட்டினேன்.

வெளியே தூறல். கோயிலில் எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை. எடுக்கக் குழந்தை வேண்டுமே என்று திரும்பினேன். தூணருகில் பாவாடை சட்டையில் ஒரு சிறுமி. தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. புறங்கையில், ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றி ஒட்டுகிற பிளாஸ்திரி. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டி, என் காதோடு கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

பொட்டலத்தை வாங்கி அவரிடம் கொடுத்தேன். அவர் பிரித்தார். வெள்ளையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். மற்றதை மடியில் சொருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். "ஆத்தாளே சொல்லிட்டா. இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போவ மாட்டேன்" என்றார்.

அய்யோ! இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. கெஞ்சினேன், கத்தினேன். அசையவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. புருஷன் உயிரைவிட என் மானம் பெரிதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் போகவில்லை.

சாயங்காலம் ஆறரை. கரண்ட் போனது. சாமி மாடத்தில் வைத்திருந்த அந்த இன்னொரு பொட்டலம்...

சரக்... சரக்...

எலி என்று நினைத்தேன்.

சரக்...

விளக்கோடு போனேன். பொட்டலத்தின் மேல் ஒரு சின்னக் கை. கை மட்டும். அதில் பிளாஸ்திரி.

"இதையும் பிரிச்சுக் காட்டுக்கா..."

விளக்கு ஆடியது. கை இல்லை.

பொட்டலத்தோடு அவரிடம் ஓடினேன். அவர் முன்னாலேயே பிரித்தேன். மூன்றாம் நாள் பூ. வாடவே இல்லை.

வெள்ளை.

"ரெண்டும் வெள்ளையா வெச்ச?"

"ஆமாங்க..."

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினார். புற்றுநோய்தான். ஆரம்பம், குணமாக்கலாம் என்றார் டாக்டர். இப்போது மருந்து ஏறுகிறது. என்னிடம் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் என்ன, இருக்கிறாரே.

அந்தச் சிறுமி யார் என்று கண்ணம்மாளிடம் போய்க் கேட்டேன். 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று கேட்டாள் என்றதும் அவள் கையிலிருந்த பூ சிதறியது.

"எம் மக யுவராணிங்க... அவளுக்குக் காய்ச்சல் விடாதப்ப நானும் ரெண்டும் வெள்ளையாத்தான் வெச்சேன். அவளேதான் எடுத்தா. 'ரெண்டும் ஒண்ணுதானேம்மா'ன்னா. வாயிலயே ஒண்ணு போட்டேன். வெள்ளை வந்துருச்சுன்னு எல்லாரும் சும்மா இருந்துட்டாங்க. கடைசியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, ஊசி மருந்து ஏறி முடியறதுக்குள்ள..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொதைக்கறப்பக்கூட அந்தக் கைப் பிளாஸ்திரியப் பிரிக்கலீங்க."

கையைப் பற்றி நான் அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.