பதினெட்டாயிரம் அடி உயரத்தில் சம்பந்தியை அடித்தது

கெய்ரோவில் ஏலக்காய் வாங்குகிற ஒரு பெரிய வியாபாரி, தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தால் விலை பேசலாம் என்று எழுதியிருந்தார். வியாபாரம் என்னுடையது, கம்பம் பஜாரில் கடை. தோட்டம் என் சம்பந்தியுடையது. குமுளிக்கு மேலே நாற்பது ஏக்கர். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். போன மாசியில் இரண்டு பேருமாக ஏரோப்ளேன் ஏறினோம். இனிமேல் நம் பக்கத்து வியாபாரிகள் பலர் இப்படிப் போக வேண்டி வரும். பறக்கும்போது உள்ளே இருக்கிற காற்று போய்விட்டால் என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நான் பட்டுவிட்டேன், சொல்கிறேன்.

கம்பத்தில் காலை ஐந்தரைக்கு பஸ். சம்பந்தி காமயகவுண்டன்பட்டியிலிருந்து மாட்டு வண்டியில் வரவேண்டியது மூன்று மைல்தான். ஆறு மணிக்கும் ஆளைக் காணோம்.

"என்னண்ணே, விட்டுட்டுப் போயிரலாமா?" என்றார் கண்டக்டர்.

"மணி ஏழானாலும் நிக்கட்டும் தம்பி. என் மக அங்கன வாழணும்ல."

ஆறேகாலுக்கு வந்தார். ஒரு பெட்டி, ஒரு கட்டு சுருட்டு, மூன்று பேருக்கான கட்டுச்சோறு. "என்ன சம்பந்தி, நேரமாயிருச்சோ?" என்று சிரித்தார். இல்லை என்றேன். ஆறு வருஷமாக அவர் எது கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் முன்னால் கால்மேல் கால் போட்டது கிடையாது. ஒரு வார்த்தை மரியாதை குறைந்தாலும் அது போய் விழுகிற இடம் என் மகளின் சமையல்கட்டு.

தேனிக்கு இருபத்தைந்து மைல், பன்னிரண்டு அணா. தேனியிலிருந்து மதுரைக்கு நாற்பத்தேழு மைல், ஒன்றே கால் ரூபாய், மூன்று மணி நேரப் புழுதி. போடி ரயில் இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. உலகச் சண்டைக் காலத்தில் சர்க்கார் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தை, சண்டை முடிந்து நாலு வருஷமாகியும் திருப்பிப் போட ஆளில்லை. மதுரையிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், எல்லாம் ரயில்தான்.

பம்பாயில் காலை ஆறுக்குப் புறப்படும் என்ற விமானம் ஒன்பது இருபதுக்குப் புறப்பட்டது. டிக்கெட் ஆளுக்கு ஆயிரத்து ஐம்பது ரூபாய். காரணம் சொல்வதற்கு மட்டும் அதில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

நாலு எஞ்சின், முப்பத்தைந்து பேர். கேப்டன் அவ்வப்போது உயரத்தையும் வேகத்தையும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புகிறார். ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்க்கலாம். எங்கள் கைக்கு வந்தபோது பதினெட்டாயிரம் அடி. குமுளியை ஆறு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அங்கே மூச்சுவிடப் போதுமான காற்று கிடையாது. அதனால் லாரி டயருக்கு அடைக்கிற மாதிரி உள்ளே காற்றை அடைத்துக்கொண்டே பறக்கிறார்கள்.

இதைச் சம்பந்தியிடம் விளக்கினேன். காதில் விழவில்லை. குமுளி ஏறினால் காது அடைக்கும் என்பதால் எண்ணெய்ப் பஞ்சைத் திணித்து, மேலே துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, "மல ஏறத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் ஒரு ஒசரமா?" என்றார். அந்த மலையிலிருந்து இருபது வருஷம் ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து இறக்கியவன் நான். இவர் டோலியில் போய் வந்தவர். இல்லை என்றேன்.

பதினொன்றரை இருக்கும். பின்கதவுப் பக்கம் டயர் வெடித்தது போல ஒரு சத்தம், தொடர்ந்து காது கூசும் விசில். நெஞ்சுக்குள் இருந்த மூச்சு தானாக வெளியே ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே முழுக்கப் பனிமூட்டம். மார்கழி விடியலில் குமுளி ரோட்டில் நிற்கிற குளிர்.

பரிமாறுகிற ஸ்டூவர்டு கோட்டயத்துக்காரர். அவர் முதலில் செய்த காரியம், ஒரு காற்று பாட்டிலைத் தோளில் மாட்டி, ரப்பர் மூடியைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம். ஆயிரத்து ஐம்பது கொடுத்தவன் நான், முதல் காற்று இவனுக்கா? மலை வியாபாரத்தில் பழகிய மலையாளத்தில் திட்டினேன். மூடியை ஒரு நொடி தூக்கி, "ஞான் வீணால் ஆரு தரும்?" என்றார். தான் விழுந்தால் மற்றவர்களுக்கு யார் கொடுப்பது என்கிறார். கணக்குச் சரிதான்.

அடுத்தது நெருப்பு. அந்தப் பாட்டில் காற்றுக்குப் பக்கத்தில் பொறி இருக்கக் கூடாதாம். எல்லோரையும் சிகரெட்டை அணைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தவர், சம்பந்தி வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கி அவர் காப்பியிலேயே போட்டார். அதற்குள் விமானம் மூக்கைக் குத்திக் கீழே பாய்ந்தது. பெண்கள் அலறினார்கள். விழவில்லை, காற்று இருக்கிற உயரத்துக்குக் கேப்டன் இறக்குகிறார் என்று ஸ்டூவர்டு கூவினார். யார் நம்பினார்கள்?

பாட்டில் மொத்தம் எட்டுதான். குழந்தைகள், வயதானவர்கள், உதடு நீலமானவர்கள் என்று வரிசை. சம்பந்திக்கு அறுபத்திரண்டு வயது, சுருட்டு தின்ற நெஞ்சு. உதடு நாவல்பழமாகிவிட்டது. மூடியைக் கொண்டுவந்தால் தட்டிவிட்டார்.

"போடா அங்கிட்டு! ஆஸ்பத்திரி மூடிதான இது? மயக்கிப்புட்டு அறுக்கவா பாக்குற?"

குடலிறக்க ஆபரேஷனுக்கு இப்படி ஒரு மூடியை வைத்துத்தான் அவரை மயக்கியிருந்தார்கள். "சம்பந்தி, போட்டுக்கங்க" என்று இரண்டு தடவை கெஞ்சினேன். பஞ்சு அடைத்த காதுக்கு எங்கே கேட்கும்? திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "எனக்கு நல்லாத்தான் இருக்கு சம்பந்தி! ரொம்ப நல்லா இருக்கு!" ஸ்டூவர்டு முகம் மாறிவிட்டது. காற்றுக் குறைந்து சிரிக்கிற ஆள்தான் முதலில் சாய்கிற ஆளாம், பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

மகள் நினைப்பு வந்தது. அடித்தால் அவள் வாழ்வு என்னாகுமோ. அடிக்காவிட்டால் இவரைப் பிணமாகக் கொண்டுபோய் அவள் வாசலில் இறக்க வேண்டும். துண்டை உருவினேன், பஞ்சைப் பிடுங்கினேன்.

"ஏலே! கைய எடுலே!" என்று அவர் காதிலேயே கத்தினேன்.

கன்னத்தில் இரண்டு வைத்தேன். திகைத்துப்போய்க் கையை இறக்கினார். அந்த நொடியில் ஸ்டூவர்டு மூடியை மாட்டி வாரை இறுக்கிவிட்டார்.

ஒரு நிமிஷத்தில் உதட்டுக்குப் பழைய சிவப்பு திரும்பியது. நாலைந்து நிமிஷத்தில் விமானம் நேராயிற்று. சீட்டு வந்தது: பத்தாயிரம் அடி. மூடியைக் கழற்றிய சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். விமானம் தாழவே பறந்து பம்பாய்க்குத் திரும்பியது. இரண்டரை மணி நேரமும் அவருக்கு அந்த ஜன்னல்தான். கம்பெனிக்காரர்கள் போட்ட விடுதியில் டாக்டர் நெஞ்சைப் பார்த்து, பரவாயில்லை என்றார். சம்பந்தி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஊருக்கே திரும்பப் போகிறார், மகளிடம் என்ன சொல்வது என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார், விமானத்துக்கு. காதில் பஞ்சு இல்லை, வாயில் சுருட்டு இல்லை. உட்கார்ந்ததும் அதே ஸ்டூவர்டைக் கூப்பிட்டு ஒரு பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாயிரத்து எழுநூறு மைலும் இறக்கி வைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தவாட்டி அடிக்காதீக. நானே மாட்டிக்கிடுதேன்."

கெய்ரோவில் விலை திகைந்து பேரம் முடிந்தது. அது வேறு விஷயம். போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: காதை அடைக்காதீர்கள், அடைப்பு வந்தால் எச்சில் விழுங்கினால் போதும். கம்பளி கையில் இருக்கட்டும். ஸ்டூவர்டு தனக்கு முதலில் மாட்டினால் திட்டாதீர்கள். விமானம் பாய்ந்தால் அலறாதீர்கள். கூட வருகிறவர் நெஞ்சு பலவீனமானவர் என்றால் அந்த மூடி எதற்கு என்பதைத் தரையிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். மேலே போய்ச் சொன்னால் நான் சொன்ன மாதிரிதான் சொல்ல வேண்டி வரும்.

இதை எழுதியதும் சம்பந்தியிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, அடி மட்டும் ஒன்று என்று போடச் சொன்னார். "சனம் படிக்கும்ல சம்பந்தி, ஒண்ணக் குறச்சுக்கிடுங்க." அவர் எது கேட்டாலும் தலையாட்டுகிறவன்தான் நான். ஆனால் எடையில் குறைக்கிற பழக்கம் என் கடையில் கிடையாது. இரண்டு.