கருமாதி முடிந்த சரோஜா

சரோஜாவுக்குக் கருமாதி செய்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. செய்தவர் வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அப்பா மாடசாமிதான். சரோஜா என்னவோ நன்றாகத்தான் இருக்கிறாள். கோலாலம்பூருக்கு வடக்கே பீடோர் என்ற சின்ன ஊரில் வாடகை வீடு, கொஞ்சம் முட்டிவலி, கொஞ்சம் இனிப்புநீர் வியாதி. ஏதாவது ஒரு கோயில் மண்டபத்திலோ கல்யாண வீட்டிலோ பெட்டிக்குள் படுத்து, புருஷன் கையால் ரம்பத்தில் அறுபட்டு, எழுந்து வந்து எல்லாருக்கும் கும்பிடு போடுவாள். அதுதான் அவள் பிழைப்பு.

புருஷன் பெயர் காளியண்ணன். மேடையில் 'மேஜிக் காளி'. ஊர் ஊராக வேனில் போய்ப் பல்சுவை நிகழ்ச்சி நடத்துகிறவர். தொப்பிக்குள்ளிருந்து புறா எடுப்பார், நாலைந்து குரலில் பேசுவார், கூட்டத்தில் ஒருவரை உட்காரவைத்துக் கரித்துண்டால் சர்ரு சர்ரென்று இழுத்து முகத்தை அப்படியே வரைந்து கையில் கொடுப்பார். பெட்டியின் மேல் தீயும் மண்டையோடும் வரைந்ததும் அவர்தான். பெட்டியின் ஒரு முனையில் சரோஜாவின் தலையும் ஒரு கையும் வெளியே நீட்டியிருக்கும். மறுமுனையில் தெரியும் கால் இரண்டும் ரப்பர். பொம்மைக் காரின் மோட்டாரைக் கழற்றி அதற்குள் வைத்து, விரல்கள் ஆடும்படி செய்திருந்தார். நிஜக் கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சரோஜா பாதிப் பெட்டிக்குள் சுருண்டு கிடப்பாள். முட்டிவலி வராமல் என்ன செய்யும்? தொழில் ரகசியத்தை இப்படிப் போட்டு உடைக்கலாமா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இது தெரியாமல் மேலே சொல்ல முடியாது.

அவள் பிறந்தது ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே அம்மன் திருவிழாவுக்கு வந்த இளவயதுக் காளியண்ணன், "பெட்டியில படுக்க தைரியமான பொண்ணு யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். லயம் எனும் வரிசைவீடுகளின் பெண்கள் எல்லாம் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். இவள் விறுவிறுவென்று மேடை ஏறினாள். கொழுப்பு, வேறென்ன? அடுத்த மாதமே அவரோடு வேனும் ஏறிவிட்டாள்.

மாடசாமி மகளைத் தேடவில்லை. போலீசுக்கும் போகவில்லை. கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கி, ஆளுயரத்துக்கு ஓர் உருவம் கட்டினார். மகள் விட்டுப்போன பஞ்சாபி சூட்டை அதற்கு மாட்டினார். ஆற்றோரம் கொண்டுபோய்க் கொளுத்தித் தலைமுழுகினார். பதினாறாம் நாள் பண்டாரத்தை வைத்துக் கருமாதி செய்து, படத்துக்கு மாலை போட்டு, ஊரைக் கூட்டிச் சோறு போட்டார். கோபத்தில் 'என் மக செத்துட்டா' என்று சொல்லாத அப்பன் உண்டா? மற்றவர்கள் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த மனிதர் ஒன்று பாக்கி வைக்காமல் செய்தே முடித்துவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடிந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பனிக்குள்ளிருந்து அவர்களே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் கூடவே வந்துவிடுவார்களாம். இப்போது விவரம் தெரிந்தவர்கள் பாதிப்பேர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். கொழுந்து வெட்டுவது வங்காளதேசத்துப் பையன்கள். மிச்சமிருக்கும் சில குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே கதைதான். பெட்டிக்குள் போன அத்தை வெளியே வரவில்லை, மேஜிக்காரன் நிஜமாகவே அறுத்துவிட்டான்.

அந்தத் தோட்டத்திலிருந்துதான் இந்த வருஷம் அழைப்பு வந்தது. கோயில் கமிட்டியின் புதுச் செயலாளர் புனிதன், கோலா தெர்லா ஊரிலிருந்து வந்து, இந்தத் தோட்டத்தில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். பழைய கதை எதுவும் தெரியாது. வாட்ஸாப்பில் காளியண்ணனின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார்.

"வேணாம்னா சொல்லிடு லா. வேற ஆளப் போட்டுக்கச் சொல்றேன்" என்றார் காளியண்ணன்.

"போலாம்" என்றாள் சரோஜா. வெங்காயம் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "ஆனா கைபிடிக்க எங்கப்பாவக் கூப்பிடணும்."

அறுப்பதற்கு முன்னால் கூட்டத்தில் ஒருவரை மேடைக்கு அழைத்து, அவள் கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்வது காளியண்ணனின் வாடிக்கை. 'ஐயா, இது உயிருள்ள கையா, பொம்மைக் கையா?' என்று கேட்பார். 'உயிருள்ள கைதான்' என்று அவர் மைக்கில் சொன்னதும் கைதட்டல் விழும்.

"அவரு வாயால சொல்லட்டும். ஊரே கேக்கட்டும். அது போதும் எனக்கு" என்றாள்.

"செத்த கைன்னு சொல்லிட்டாருன்னா?"

சரோஜா எழுந்து வெங்காயத்துக்கே போய்விட்டாள்.

திருவிழா அன்று மதியம் அவர்கள் போய்ச் சேர்ந்தபோதே பனி இறங்கிவிட்டது. தேயிலைச் சரிவில் பாதி மறைந்து பாதி தெரிந்தது. காளியண்ணன் மண்டபத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருக்க, சரோஜா லயத்தை நோக்கி நடந்தாள். எதிரே இரண்டு பெண்கள் பூத்தட்டோடு வந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பார்வையைத் தரையில் பதித்துக்கொண்டு, அவள் நின்ற இடத்தை வளைத்துக்கொண்டு போனார்கள்.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் செல்லம். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு.

"செல்லம்! ஏய், நான்தான் லா, சரோஜா!"

செல்லத்தின் கை கொடியிலேயே நின்றது. முதுகு விறைத்தது. திரும்பவில்லை. அவள் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது, அம்மன் பேராக இருக்கலாம். எடுத்த துணியையும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மருந்தடிக்கும் டின்னோடு போன வங்காளதேசத்துப் பையன் ஒருவன் மட்டும் சிரித்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டான். அந்த லயத்தில் அவளை நேருக்கு நேர் பார்த்தது அவன் ஒருவன்தான்.

அப்பா வீடு கடைசி வீடு. இப்போது அண்ணன் வசந்தனும் குடும்பமும் அவரோடு இருக்கிறார்கள். சரோஜா கதவைத் தட்டத் துணியாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுவரில் அவளுடைய படம். பத்தொன்பது வயது முகம், ரெட்டைச் சடை, புது மாலை, சிவப்பு பல்பு. தன் படத்துக்குப் போட்ட மாலையைத் தானே பார்ப்பது எப்படியிருக்கும் என்று யாரைக் கேட்பது? அப்புறம்தான் பக்கத்தில் இருந்த இன்னொரு படத்தைப் பார்த்தாள். அதற்கும் மாலை, அதற்கும் பல்பு. அடையாளக் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அவளுடைய அம்மா.

அம்மா போய்விட்டாள். எப்போது, எப்படி, ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. செத்தவளுக்கு யார் போய்ச் சாவுச் செய்தி சொல்வார்கள்?

ஜன்னல் கண்ணாடிக்கு வெகு கிட்டத்தில் அவள் முகம் இருந்தது. இவ்வளவு குளிரில் மூச்சு பட்டால் கண்ணாடி மங்க வேண்டும். மங்கவில்லை. சரோஜா பயந்துபோனாள், சத்தியமாகப் பயந்துபோனாள். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம் என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அத்தை."

வாசலில் ஒரு சின்னப் பெண், வசந்தனின் மகள் ப்ரியா. கையில் பாதி கடித்த ரொட்டி. அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை. தினம் படத்தில் பார்க்கிற முகமாயிற்றே.

"பசிக்குதா அத்தை? ஒங்களுக்கு வெள்ளிக்கெழமதான் சோறு வைப்போம்."

ப்ரியா இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"பெட்டிக்குள்ள வலிச்சிச்சா?"

"யார்ட்ட பேசுற ப்ரியா?" என்று உள்ளேயிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது.

"யாருமில்லம்மா" என்றது குழந்தை. ரொட்டியைக் கடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டது.

வேனுக்குத் திரும்பி வந்த சரோஜா, "அம்மா போயிட்டாங்க" என்றாள். காளியண்ணன் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டார். அவளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அழுதுடு சரோ."

அழ வரவில்லை. தோட்டத்துச் சாவில் யாரும் தனியாக அழுவதில்லை. செய்தி கேட்டு ஓடிவருபவளை நாலு பெண்கள் கட்டிப்பிடிப்பார்கள், தோளில் தோள் முட்டும், அப்போதுதான் அழுகை பிடுங்கிக்கொண்டு வரும். அவளைக் கட்டிப்பிடிக்க அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

"நிகழ்ச்சிய நிறுத்திடவா?"

"வேணாங்க. அப்பாவக் கூப்பிடுங்க. அவரும் போயிட்டாருன்னா அப்புறம் நான் உயிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு ஒருத்தரும் இல்ல."

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. புறா வந்தது, கைதட்டினார்கள். காளியண்ணன் புனிதனை உட்காரவைத்து மூக்கைக் கொஞ்சம் பெரிதாக வரைந்தார், விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பெட்டி வந்தது. சரிகைப் பாவாடையோடு சரோஜா வந்தாள்.

சிரிப்பு குழாயை மூடினாற்போல நின்றது. பின்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு கிழவர் திருநீற்றுப் பையைத் துழாவினார். புனிதன் மட்டும் என்ன ஏதென்று புரியாமல் இப்படியும் அப்படியும் பார்த்தார். சரோஜா சிரித்த முகத்தோடு பெட்டிக்குள் படுத்தாள், கையை வெளியே நீட்டினாள். மூடி விழுந்தது. அந்தப் பக்கம் ரப்பர் விரல்கள் ஆடத் தொடங்கின.

ஆயிரம் மேடை கண்ட காளியண்ணன், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா மாடசாமி... மேல வாங்கய்யா."

முன்வரிசையில் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்திருந்த கிழவர் அசையவில்லை. வசந்தன் அவர் தோளை அமுக்கி, "வேணாம்பா" என்றான். மாடசாமி அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். படி ஏறி வந்தார். சரோஜாவின் முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் பார்த்தார். தேயிலைக் கறை ஊறிப்போன விரல்களால் அந்தக் கையைத் தொட்டார்.

"சொல்லுங்கய்யா. இது உயிருள்ள கையா?"

மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது. கிழவரின் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"சில்லுன்னு இருக்கு" என்றார்.

எங்கோ ஒரு பிள்ளை வீரிட்டது. நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன, கதவருகே இருந்தவர்கள் வெளியே நழுவினார்கள். பெட்டிக்குள் சரோஜாவின் கால்கள் மரத்துப்போயிருந்தன, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முடிந்தது, என்று நினைத்தாள். சொல்லிவிட்டார், ஊரே கேட்டுவிட்டது. இனி இந்த மூடியைத் திறக்காமலே புதைத்தாலும் சரிதான். முகத்தில் அந்த மேடைச் சிரிப்பு மட்டும் பழக்கத்தில் அப்படியே நின்றது.

ஆனால் கிழவர் கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். உள்ளங்கையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், ஊதினார், மறுபடி தேய்த்தார். பிறகு முட்டி மடங்கி அவள் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சரோஜா" என்றார்.

ஓடியவர்கள் நின்றார்கள்.

"ஒங்கம்மா போயிட்டா, தாயி. பொங்கலுக்கு மறுநாளு. நெஞ்சு வலிக்குதுன்னா, தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள வழியிலயே போயிட்டா. ஒன்னத்தான் கேட்டா. ஒனக்குச் சொல்லி அனுப்பல. நான்தான் அனுப்பக் கூடாதுன்னுட்டேன்."

சரோஜா வாயைத் திறந்தாள். இருபது வருஷமாக அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் வார்த்தை வரவில்லை, ஐயோ என்று ஒரு கேவல்தான் வந்தது. அது மைக்கில் ஏறி மண்டபத்தின் கூரையில் மோதியது. சாவுச் செய்தி கேட்ட பெண்ணின் சத்தம். அது எப்படியிருக்கும் என்று அந்த மண்டபத்தில் இருந்த எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ஓடிவந்தவள் செல்லம். செருப்பைக் கூடக் கழற்றாமல் மேடை ஏறி, பெட்டிக்கு வெளியே இருந்த அந்தத் தலையைக் கட்டிக்கொண்டு, "பாவி, ஒங்காத்தா முகத்தக்கூடப் பாக்கலியேடி!" என்று கத்தினாள். அடுத்து வசந்தனின் மனைவி, அடுத்துப் பூத்தட்டு ஏந்திவந்த அந்த இரண்டு பெண்கள். பெட்டியைச் சுற்றி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி கிளம்பிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது பிணத்தைச் சுற்றி அழுவதுபோலத்தான் தெரிந்திருக்கும். சரோஜா பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தபடியே, ஒரு கையால் எட்டியவர்களையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய அழுதாள்.

காளியண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு மூடியின் கொக்கியைத் தேடினார். கண்ணீரில் அது கைக்கு அகப்படவில்லை. மறுமுனையில் ரப்பர்க் கால்கள் இன்னும் விரலை ஆட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை.