அம்சவேணி தேர்ந்தெடுத்த சர்வர்

டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப் இடிபட்டபின், ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவுக்குக் குடிபோன குடும்பம் அம்சவேணியுடையது. அவள் அம்மா ஜெயலட்சுமி இன்னமும் பஸ் பிடித்து ஜங்புராவுக்கு வந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். மகள் லேசுப்பட்டவளா? தமிழ்ப் பள்ளியில் படித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, நேரு பிளேஸில் ஒரு கம்பெனிக்கு ஒரு வாரச் சோதனை வேலைக்கு வந்துவிட்டாள்.

கடைசி நாள் டீம் லீடர் ப்ரீதா, அவளும் தமிழ்தான், ஒரு புது லேப்டாப்பைக் கொடுத்தாள். கோட் எடிட்டரை நீயே நிறுவி, கம்பெனியின் கிளவுடோடு இணைத்து, அதிலிருந்தே ஒரு சின்ன இணையப் பக்கத்தை ஏற்றிக் காட்டு என்றாள். ஐந்து மணிக்குள் பக்கம் திறந்தால் வேலை, இல்லாவிட்டால் நமஸ்தே.

எடிட்டர் ஏறியது. கிளவுடுக்கான எக்ஸ்டென்ஷன் ஏறியது. லாகினும் ஆயிற்று. எந்த ஊர் சர்வரில் ஏற்றட்டும் என்று ஒரு பட்டியல் வந்தது: மும்பை, ஹைதராபாத், சென்னை. சென்னையை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் டெல்லித் தமிழச்சி வேறு எதைத் தொடுவாள், சொல்லுங்கள்! சென்னையை அமுக்கினாள். அனுமதி இல்லை என்று சிவப்பில் வந்து நின்றது.

எடிட்டரை அழித்து மறுபடி நிறுவினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். அதே சிவப்பு. மணி நாலரை. மேடத்தைக் கேட்டுவிடேன் என்று பக்கத்து நாற்காலி ஆரிப் இந்தியில் சொன்னான். ரோஷக்காரி கேட்பாளா? இதுவரை முதல் வரியோடு பயந்து மூடிய செய்தியை, இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை படித்தாள். நாலாவது வரியில் இருந்தது: இந்தக் கம்பெனிக்கு மும்பை சர்வர் மட்டுமே.

அட மக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு ஊரை மாற்றினாள். நாலு ஐம்பதுக்குப் பக்கம் திறந்தது.

"அச்சா! யார் சொல்லிக் குடுத்தா?" என்றாள் ப்ரீதா.

"யாரும் இல்ல மேடம். சென்னையப் போட்டேன், ஏறல. அப்புறம் எர்ரர முழுசாப் படிச்சேன்."

ப்ரீதா சிரித்துவிட்டாள். "நானும் மொதல் தடவை சென்னைதான் போட்டேன். திங்கக்கிழமை புதுசா மூணு பேர் வர்றாங்க. அவங்க லேப்டாப்பை நீதான் செட் பண்ணிக் குடுக்கணும்."

திங்கட்கிழமை! அப்படியானால் வேலை அம்சவேணிக்குத்தான். படியிறங்கும்போதே அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் ஜெயலட்சுமி குழாயை மூடுவது கேட்டது.

"திங்கக்கெழம நான் லீவு சொல்லிடறேன்டி. ஒங்கூட வரேன்."

"எதுக்கும்மா? உன்ன உள்ள விடமாட்டாங்க."

"உள்ள யாரு வரா? ரோட்டுல நின்னு, எம்பொண்ணு உள்ள போறதப் பாக்கணும்."