லேபிள் பிரித்த கோட்டு

என் பழைய கறுப்புக் கோட்டின் காலருக்கு உட்புறம், பிடரி படும் இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கோட்டு முழுவதும் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டம் மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பாக நிற்கிறது. அதைச் சுற்றி ஊசி போன பொத்தல்கள் வரிசையாகத் தெரியும். போன வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த என் ஜூனியர் பெண் அதை விரலால் தடவிப் பார்த்து, "இங்க இருந்த லேபிள் எங்க மேடம்? யார் தச்ச கோட்டு இது?" என்று கேட்டாள். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் நாற்பது வருடத்துக் கோபமும் சேர்ந்து கிளம்பி வரும். அப்புறம் அன்றைக்கு வேலை ஓடாது. "அப்புறம் சொல்றேன்" என்று வாங்கி மடித்து வைத்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். உடையார்பாளையம் பக்கம் எங்கள் உறவில் சட்டம் படித்த முதல் பெண் நான்தான். கறுப்புக் கோட்டு போடாமல் கோர்ட்டில் வாயைத் திறக்கக்கூடாது என்பது விதி. பெண்ணுக்கு ஏற்ற கோட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று அந்த விதி சொல்லவில்லை. சீனியர் திருச்சிக்குப் போனபோது ரெடிமேடாக ஒன்றை வாங்கி வந்தார். ஆண்களுக்குத் தைத்த கோட்டு. இருப்பதிலேயே சின்ன அளவு அதுதான் என்றார். போட்டுப் பார்த்தால் தோள் இரண்டும் முழங்கைப் பக்கம் இறங்கி நின்றன, கை நீளம் விரல் நுனியை மூடியது. புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு நான் முதன்முதலாக எழுந்து நின்ற அன்று, ஒரு வாய்தா கேட்கத்தான் எழுந்தேன், முன்சீப் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கோட்டு தெரியுது, வக்கீலத்தான் காணோம். நீங்க பேசறது எனக்குக் கேக்கல" என்றார். உடை சரியில்லாத வக்கீலிடம் நீதிபதிகள் சொல்லும் வாசகம் அது. கோர்ட்டே சிரித்தது. வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி கூடச் சிரித்தார். எந்த ஊர்க் கோர்ட் என்று எழுத மாட்டேன். இன்றும் அங்கே போய் வழக்காடுகிறவள் நான்.

ஒரு வாரத்துக்குள் கோட்டைச் சரி செய்துகொண்டு வா, இல்லாவிட்டால் ஆபீசிலேயே உட்கார்ந்து டைப் அடி என்றார் சீனியர். பெரம்பலூரில் கோட்டு தைக்கிறவர் ஒரே ஒருவர். என்னைக் கடை வாசலிலேயே நிறுத்தினார். பெண்பிள்ளைகளுக்கு அளவெடுத்துப் பழக்கமில்லை என்றார். அளவு ஜாக்கெட் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். ரவிக்கையை வைத்துக்கொண்டு கோட்டை எப்படிச் சரி செய்வீர்கள் என்று கேட்டேன். அது தெரியாமல்தானே சொல்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்று மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்து ஒரு லேடீஸ் டெய்லர். அவர் மறுக்கவில்லை. அளவு ஜாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கே கோட்டைப் பிடித்து அடித்துவிட்டார். மார்புக்குக் கீழே இரண்டு பக்கமும் துணியை மடித்து டாட் வைத்து, அக்குளை இறுக்கி, சுத்தமாக ஒரு ரவிக்கை ஆக்கியிருந்தார். பட்டன் போட்டால் மூச்சு விட முடியவில்லை. கையை மேசை உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. கேட்டதற்கு, பொம்பளைத் துணி என்றால் உடம்போடு இருக்க வேண்டாமா என்று எனக்கே பாடம் நடத்தினார். இப்போது நினைத்தாலும் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருக்கிறது. வக்கீல் கோட்டுக்குக் கை தூக்க வேண்டியிருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாவதாகத்தான் அரியலூருக்குப் போனேன். அங்கே பள்ளிக்கூட யூனிபார்மும் காக்கி உடுப்பும் தைக்கும் கடை ஒன்று இருந்தது. மாஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். பாதிக் கடையை மறைத்து ஒரு திரை தொங்கியது. அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, தான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். திரைக்குப் பின்னால் அவர் மனைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அவர் டேப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல, மாஸ்டர் எழுதிக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த அக்கா என்னை விடவில்லை. கோட்டை மாட்டச் சொல்லிச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "வக்கீலம்மா, கோர்ட்டுல எப்புடிப் பேசுவீங்களோ அப்புடியே கைய ஆட்டிப் பேசுங்க. ஜட்ஜு அய்யாவக் காட்டுங்க, எதிராளியக் காட்டுங்க" என்றார். வெட்கத்தோடு இரண்டு வாக்கியம் பேசினேன். நான் கையைத் தூக்கிய இடத்திலெல்லாம் அவர் சாக்பீஸால் கோடு போட்டார்.

நான்காம் நாள் போய் வாங்கினேன். தோள் என் தோளில் நின்றது. லேடீஸ் டெய்லர் கெடுத்ததையெல்லாம் பிரித்து, கை நீளத்தில் குறைத்த துணியிலிருந்து ஒரு சின்னச் சதுரம் வெட்டி அக்குளில் சேர்த்திருந்தது. கையை உச்சிக்குத் தூக்கினாலும் கோட்டு அசையவில்லை. பட்டன் மட்டும் ஆண்கள் பக்கத்திலேயே இருந்தது. காஜா எடுத்த துணியில் இனி அதை மாற்ற முடியாது என்று அக்கா திரைக்குள்ளிருந்து சொன்னார். காலரில் மாஸ்டர் தன் கடை லேபிளை வைத்திருந்தார், அவர் பெயர் போட்டு, கீழே அரியலூர் என்று. நான் மாஸ்டரைக் கும்பிடாத குறையாகப் புகழ்ந்தேன். அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டார். எத்தனை வக்கீல்களை அந்தக் கடைக்கு அனுப்பினேன் என்று கணக்கே இல்லை. மாஸ்டர் கை மாதிரி வராது என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். திரைக்குப் பின்னால் யார் உட்கார்ந்து தைக்கிறார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. சட்டம் படித்தவள், குறுக்கு விசாரணை கற்றுக்கொண்டவள், என் முதுகில் கிடந்த கோட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் அந்த அக்கா மஞ்சள் பையோடு என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழந்தை இல்லை என்று காரணம் சொல்லி மாஸ்டர் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, இவரைத் தா.பழூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஜீவனாம்சம் கேட்கலாம் என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். "எனக்கு அவரு சோறு வேணாங்க. எங்க அண்ணங்க சீரா வாங்கிக் குடுத்த மிஷினு கடையில நிக்கிது. அத மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார். மிஷின் வாங்கிய ரசீது கறையானுக்குப் போயிருந்தது. அப்போதுதான் மற்றதையும் சொன்னார். கோட்டு, காக்கி, எல்லாம் இவர் தைத்தது. மாஸ்டருக்கு வெட்டத் தெரியும், மிஷின் ஓட்டத் தெரியும், நுணுக்கமான கைவேலை வராது. இவர் இடது கைக்காரி. நொட்டாங்கையால் தைத்த துணியை எவன் நல்ல காரியத்துக்கு உடுத்துவான் என்று சொல்லித்தான் அந்தத் திரையையே மாஸ்டர் கட்டினாராம். எனக்காகக் கட்டிய மறைப்பு என்று நான் மூன்று வருடமாக மெச்சிக்கொண்டிருந்த திரை அது.

வழக்குப் போட்டோம். மாஸ்டர் எதிர்மனுவில் ஒரே போடாகப் போட்டார். என் மனைவிக்குக் காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும்தான் தெரியும். தையல் தெரியாத பெண்ணுக்கு யாராவது மிஷின் சீர் கொடுப்பார்களா? மிஷின் என் சம்பாத்தியம். ரசீது இல்லாத எங்களுக்கு, அக்காவுக்குத் தைக்கத் தெரியும் என்று காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தோற்றால் மிஷின் போகும். அதோடு அவர் அத்தனை வருடம் தைத்ததெல்லாம் பொய் என்றும் ஆகிவிடும். அக்கா அதற்குத்தான் பயந்தார்.

மாஸ்டர் கூண்டில் ஏறிய அன்று, என் கோட்டைக் காட்டி இது யார் கைவேலை என்று கேட்டேன். தன்னுடையது என்றார். உள்மடிப்பின் கைத்தையலும் உங்களுடையதா என்றேன். ஒரு ஊசி விடாமல் தன்னுடையது என்றார் பெருமையாக. கோர்ட் அனுமதியோடு ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து ஓரத்தை மடித்து நாலு விரல் நீளம் ஹெம்மிங் போடச் சொன்னேன். வலது கையால் போட்டுக் கொடுத்தார். வலது கைத் தையல் ஒரு பக்கம் சாய்ந்தால் இடது கைத் தையல் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். எந்தத் தையல் கடையிலும் தெரிந்த விஷயம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட, கோட்டைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பினேன். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். வக்கீலே சாட்சியாகலாமா என்றார். அவர் சொன்னது நியாயம்தான், முறையில்லாத காரியம்தான் செய்தேன். ஆனால் முன்சீப் அதைச் சொல்லவில்லை. கோட்டு இல்லாமல் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க பேசறது எனக்குக் கேக்கல" என்றார். பழைய முன்சீப் மாற்றலாகிப் போய் இவர் புதிதாக வந்தவர். ஆள் மாறியும் அந்த வாசகம் மாறவில்லை. உண்மை என் கையில் தொங்குகிறது, அதைப் போட்டுக்கொண்டால்தான் பேசலாம், போட்டுக்கொண்டால் காட்ட முடியாது. எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

பின்னால் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து வந்தார். "அய்யா, நான் பேசலாமுங்களா? எனக்குக் கோட்டு வேணாமுல்ல?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கட்சிக்காரருக்குக் கோட்டு வேண்டியதில்லை. முன்சீப் சற்று யோசித்து, பேசச் சொன்னார். அக்கா என் கையிலிருந்து கோட்டை வாங்கி மேசைமேல் விரித்தார். மஞ்சள் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, அந்த வெள்ளைத் துணியிலேயே, மாஸ்டர் போட்டதற்குப் பக்கத்தில், அத்தனை பேர் பார்க்க இடது கையால் போட்டார். யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் நிமிரவில்லை. முடித்துவிட்டு, "அவரு கையி இந்தப் பக்கம் சாயுதுங்க, எங்கையி அந்தப் பக்கம். கோட்டு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க" என்றார். முன்சீப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மாஸ்டர் கூண்டின் கட்டையைப் பார்த்தபடி நின்றார்.

தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. நகல் வாங்கிய அன்று, கோர்ட் வராந்தாவில் நின்று, ஆங்கிலத்தில் இருந்ததை அக்காவுக்குத் தமிழில் வாசித்தேன். தலைப்பில் மாஸ்டர் பெயருக்குப் பக்கத்தில் தொழில் தையல் என்று இருந்தது. அக்கா பெயருக்குப் பக்கத்தில் வீட்டு வேலை என்று இருந்தது. இத்தனைக்கும் பிறகு வீட்டு வேலையா என்று கொதித்துப்போய், அக்காவையும் இழுத்துக்கொண்டு கோர்ட் குமாஸ்தாவிடம் சண்டைக்குப் போனேன். கோர்ட் வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். குமாஸ்தா பதறவில்லை. வழக்குக் கட்டைப் பிரித்து எங்கள் வழக்குரையின் முதல் பக்கத்தை எடுத்து நீட்டினார். வாதியின் தொழில், வீட்டு வேலை. என் கையெழுத்து. வாதி பெண் என்றால் நாங்கள் வழக்கமாக எழுதுவது அது. அதைத்தான் கோர்ட்டில் அப்படியே பார்த்து டைப் அடித்திருந்தார்கள்.

என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "எழுதையில என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல வக்கீலம்மா" என்றார். நான் கோபித்துக்கொண்ட பெரம்பலூர்க் கோட்டுத் தையல்காரர், லேடீஸ் டெய்லர், மாஸ்டர், இரண்டு முன்சீப்கள், அத்தனை பேரின் வரிசையில் போய் நானும் நின்றேன். அக்கா கோட்டைக் கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். வராந்தாவிலேயே உட்கார்ந்து, பையிலிருந்த பிளேடால் காலர் லேபிளைப் பிரித்து எடுத்தார். துணியில் ஒரு நூல் அறுபடவில்லை. உங்கள் பெயரைப் போட்டு வைத்துவிடுங்கள் அக்கா என்றேன். "இருக்கட்டுங்க" என்று மட்டும் சொல்லிக் கோட்டைக் கொடுத்துவிட்டுத் தா.பழூர் பஸ்ஸுக்கு நடந்தார். மிஷின் அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு எனக்கு அவர் ஒரு துணியும் தைத்துத் தரவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

இன்று காலை ஜூனியர் பெண் ஒரு மனுவை டைப் செய்து மேசையில் வைத்தாள். அவள் போட்டிருப்பது பெண்களுக்கென்றே வெட்டித் தைத்த ரெடிமேட் கோட்டு, இப்போது கடைக்குக் கடை தொங்குகிறது. முதல் வரியைப் படித்தேன். ஆண்டிமடத்திலிருந்து வந்த மனுதாரர், ஐம்பத்திரண்டு வயது, இல்லத்தரசி.

"அவங்களக் கேட்டியா?"

"இல்ல மேடம், எப்பவும் போடுறதுதானே."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண் இரண்டடி பின்னால் போய்விட்டாள். அந்த அம்மாள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். போனவள் சீக்கிரமே திரும்பி வந்தாள். "முந்திரிக் கொட்டை உடைக்கிறாங்களாம் மேடம். இருபத்தஞ்சு வருஷமா" என்றாள். அதை எழுது என்றேன். அவள் டைப் அடிக்கும்போது அலமாரியைத் திறந்து பழைய கோட்டை எடுத்து அவள் மேசையில், காலர் மேலே தெரியும்படி வைத்தேன். அடித்து முடித்ததும் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாஸ்டரில் ஆரம்பிக்கப் போவதில்லை, என் கையெழுத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.