மின்ஜி உப்பு பார்த்த கருவாட்டுக் குழம்பு

எங்கள் கம்பெனியில் புது மெஷின் பொருத்த கொரியாவிலிருந்து வந்திருக்கும் இன்ஜினியர் மின்ஜி, எந்த ஊருக்குப் போனாலும் சந்தையைச் சுற்றிப் பார்த்து ஒரு சமையலாவது கற்றுக்கொள்வாளாம். இன்று லீவு. ஒரகடம் சந்தைக்குக் கூட்டிப்போனேன்.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடத்தில் நின்று, நெத்திலிக் கருவாட்டை ஆசையாக முகர்ந்தாள். அவள் அம்மா சமையலறையின் வாசனையாம். வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தோம்.

குழம்பு கொதித்தது. உப்பு பார்க்கச் சொன்னேன். உள்ளங்கையில் ஊற்றித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

கரண்டியை வாயில் வைத்துச் சப்பினாள். அதையே திரும்பக் குழம்பில் விட்டுக் கலக்கினாள்.

பின்னால் என் மாமியார். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடக்கூட மாட்டார்.

"அத்தே, அவங்களுக்குத் தெரியாது..."

"இப்ப இன்னா ஆயிப்போச்சி? கொதிக்கிற கொயம்புல எச்சில் ஏது? உப்பு சரியா கீதான்னு கேளு."

மின்ஜி கட்டைவிரலை உயர்த்தினாள். மாமியார் முதல் ஆளாகத் தட்டெடுத்து உட்கார்ந்து, இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றிக்கொண்டார். கிளம்பும்போது மின்ஜி கையில் ஒரு டப்பா குழம்பும் கொடுத்தனுப்பினார்.

கல்யாணமான புதிதில், அவசரத்தில் நானும் ஒருநாள் இதையேதான் செய்தேன். சட்டிக் குழம்பு மொத்தமும் வாழைமரத்தடிக்குப் போனது. அன்றைக்கும் அது கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

மருமகள் எச்சில் போக எத்தனை டிகிரியில் கொதிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.