மருமகளின் வாக்குச் சீட்டு

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பாடசாலைச் சமையலறையில் பதினெட்டு வருடம் வேலை செய்து ஓய்ந்தபிறகு, சந்திரவதனா பக்கத்துத் தெருவிலிருந்த சின்ன அருங்காட்சியகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் உதவிக்குப் போய்வந்தார். 2024 வசந்தத்தில் அங்கே முதலாம் உலகப் போர்க்காலப் பெண்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். பொறுப்பாளர் பிரமிளா மலேசியாவிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்டவர்.

"அக்கா, படங்களுக்குக் கீழே தமிழ்லயும் போடப்போறோம். நீங்க எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டார்.

சந்திரவதனா சந்தோஷமாகத்தான் எழுத உட்கார்ந்தார். ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தார்கள். குண்டுத் தொழிற்சாலையில் வெடிமருந்து அடைத்து அடைத்து முகமும் கையும் மஞ்சளாகிப்போனார்கள். போர் முடிந்த வருடம் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. அதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம் என்று சொன்னார்கள்.

அடுத்த வரியில் பேனா நின்றது. வாக்கு கிடைத்தது முப்பது வயதானவர்களுக்கு மட்டும். அவர்களிலும் சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு. படத்தில் நின்ற பெட்டைகளில் பாதிப் பேருக்கு இருபதுகூட இராது. அவர்கள் இன்னும் பத்து வருடம் காத்திருந்தார்கள்.

வேலை செய்தது ஒருத்தி, வாக்குப் போட்டது இன்னொருத்தி. அப்படி நினைத்தவுடன் மருமகள் தனுஷியாவின் முகம்தான் வந்தது.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை அது. தனுஷியா தாதி. ஒரு வருடமாகக் கொரோனா வார்டில் நின்றவள். லண்டன் மேயர் தேர்தலுக்கு எல்லாருக்கும் தபால் வாக்கு வீட்டுக்கு வந்திருந்தது. சந்திரவதனாவின் கணவர் குகதாசன், "எங்கட வீட்டில மகனோட சேர்த்து நாலு வாக்கு. நாலும் ஒரே ஆளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்த தனுஷியாவிடம் சந்திரவதனா தாளை நீட்டினார்.

"இதில ஒரு கையெழுத்து வை பிள்ளை. மிச்சத்தை எழும்பிப் பார்க்கலாம்."

கண் சொருகச் சொருகப் பிறந்த திகதியும் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு அவள் படுக்கப் போனாள். அவள் எழும்புமுன் சந்திரவதனா கணவர் சொன்ன பெயருக்கு நேரே புள்ளடி போட்டு, ஒட்டி, தபால்பெட்டியில் போட்டுவிட்டார். அன்றைக்கு அது ஒரு உதவி மாதிரித்தான் இருந்தது.

மூன்று வருடம் கழித்து, இந்தப் படங்களுக்கு எழுத உட்கார்ந்த இடத்தில்தான் அது உறுத்தியது. மூன்றாம் நாள், சமையலறையில் தனியாக நின்ற தனுஷியாவிடம், அந்தப் புள்ளடியைப் போட்டது தான்தான் என்று சொன்னார்.

தனுஷியா கத்தவில்லை. கேத்திலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்டைக்கு என்ர கவர் எங்க எண்டு கேட்டனான் மாமி. நீயே நிரப்பித் தந்தனி எண்டு சொன்னியள். நினைவிருக்கோ?"

"ஓம்."

"எனக்கு நினைவே இல்லை. களைப்பில மூளை பிசகிப்போச்சுதோ எண்டு பயந்திட்டன். பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்து குடுக்கேக்க மூண்டு தரம் பார்ப்பன். மாசக்கணக்கா."

சந்திரவதனாவுக்கு அது தெரியாது. ஒரு புள்ளடி என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"இப்ப ஏலாது மாமி" என்றுவிட்டு அவள் தேத்தண்ணீர் ஊற்றாமலே மேலே போனாள்.

அடுத்த கிழமை சந்திரவதனா கவுன்சிலுக்கு எழுதித் தன் தபால் வாக்கை நிறுத்தினார். ஜூலையில் பொதுத் தேர்தல் வந்தது. குகதாசன் ஆர் ஆருக்குப் போடவேணும் என்று சொல்லத் தொடங்கினார்.

"நான் நேரில போய்ப் போடுறன். ஆருக்கெண்டு கேளாதேங்கோ. பிள்ளையின்ரயையும் கேளாதேங்கோ."

குகதாசன் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

வாக்குச்சாவடியில் பென்சிலை எடுத்து, தானே தெரிந்த பெயருக்கு நேரே புள்ளடி போட்டார். பெருமையாக இருக்கும் என்று நினைத்து வந்திருந்தார், கூச்சமாகத்தான் இருந்தது. வெளியே வரும்போது எதிரே தனுஷியா சீருடையோடு வந்தாள்.

"போட்டாச்சோ மாமி?"

"ஓம் பிள்ளை."

தலையை ஆட்டிவிட்டு அவள் உள்ளே போனாள். சந்திரவதனா அவளுக்காக நிற்கவில்லை. பஸ் வர ஏறிவிட்டார்.