பெண்களுக்கான தோட்டா

நாலு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில் நடந்தது இது. இடம், வுப்பர்டாலில் எங்கள் வீட்டில் இருந்து காரில் ஒரு மணித்தியாலம் போனால் வரும் மலைக்காடு. அந்தக் காட்டின் அடிவாரத்தில் ஒரு விருந்தினர் விடுதி இருக்கிறது. அதன் குசினியில்தான் நான் பதினெட்டு வருடமாகச் சமைக்கிறேன். மான் இறைச்சிக்குப் பெயர் போன இடம். சமைத்தது யாழ்ப்பாணத்தாள் என்று தெரியாமலே, இதுதான் பழைய ஜெர்மன் ருசி என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் தொடங்கியது. ஒருமுறை வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிய மானின் வயிறு கிழிந்திருந்தது. சன்னம் நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டால் இரைப்பையும் குடலும் உடைந்து இறைச்சி நாறிப்போகும். அந்த மணம் மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. நான் கத்தியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையாடுகிறவரைப் பார்த்து, அவருடைய கூட்டாளிகள் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்: கண் தெரியாதவர்கள் ஏன் துவக்குத் தூக்குகிறீர்கள் என்று. அவர் கோபிக்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டு நீயும் வா, பிறகு கதைப்போம் என்றார்.

நான் விடுவேனா. ஜெர்மனியில் வேட்டைப் பரீட்சை என்றால் விளையாட்டில்லை. மரம், செடி, மிருகங்களுக்கு வரும் நோய், சட்டம், துவக்கு என்று எல்லாம் படிக்க வேண்டும். நாற்பத்தேழு வயதில், வெங்காயம் உரிக்கும் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தேன்.

என் கணவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "துவக்கு வேண்டாமெண்டுதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். இப்ப நீர் வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறீரோ?" என்றார். "மான் இறைச்சியெண்டால் மட்டும் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுறியள்" என்று நான் அவர் வாயை அடைத்தேன். அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இறைச்சியை வெட்டிச் சமைக்கிற கை, அது எப்படிச் செத்தது என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று நினைத்தேன். அதை இப்போதும்தான் நினைக்கிறேன்.

பரீட்சை பாஸ். துவக்கு வாங்கக் கடைக்குப் போனேன். நான் ஐந்தடி ஒரு அங்குலம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு மெல்லிய தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தார். ஆறரை மில்லிமீட்டர். ஸ்வீடனில் நூறு வருடத்துக்கு மேலாகப் பெரிய மான்களையே இதைக்கொண்டுதான் வேட்டையாடுகிறார்கள், சுடும்போது தோளில் உதை குறைவு, குறி தவறாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெண்களும் புதிதாகப் பழகுகிறவர்களும் இதைத்தான் எடுப்பார்கள்" என்று சேர்த்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பின்னால் நின்ற இரண்டு ஆண்கள் சிரித்ததாகவும் எனக்குத் தோன்றியது. உண்மையில் சிரித்தார்களோ தெரியாது. கண்ணாடி அலுமாரியில் இருந்ததிலேயே நீளமும் தடிப்புமான ஒன்றைக் காட்டி அதைத் தாருங்கள் என்றேன். மேக்னம் என்பார்கள். இது தோளைப் பதம் பார்க்கும், அதுவும் இந்தக் காட்டுக்கு இவ்வளவு தேவையில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். நாற்பது கிலோ சூப்புப் பானையை ஒரு ஆளாக இறக்குகிறேன், இது என்ன என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சுடுபயிற்சித் திடலில் முதல் மூன்று வெடி நன்றாகவே பட்டன. நாலாவதில் தோள் எலும்பில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கண்டிப்போய் இருந்தது. கணவரிடம் பானை இடித்துவிட்டது என்றேன். அவர் தைலம் பூசிவிட்டார். அடுத்தடுத்த கிழமைகளில் என் வெடிகள் குறி அட்டையில் சிதறத் தொடங்கின. மேலே பூட்டியிருந்த, குறி பார்க்கும் ஸ்கோப்பில் பிழை என்று இரண்டு தரம் சரிபார்க்கக் கொடுத்தேன். ஸ்கோப்பில் ஒரு பிழையும் இல்லை என்று இரண்டு தரமும் திருப்பித் தந்தார்கள். உதைக்கிறது என்று வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு காலை காட்டு ஓரத்து வேட்டைப் பரணில் தனியாக இருந்தேன். பனிப்புகார் கலைந்து வந்த நேரம், புல்வெளியின் ஓரத்தில் ஒரு பெண் மான் வந்து நின்றது. ஊரில் பெரிய மானை மரை என்போமே, அந்த உயரம். கன்று இல்லாத இளம் மான், சுட அனுமதி உள்ளதுதான். எண்பது மீட்டர் இருக்கும். பக்கவாட்டில், அசையாமல் நின்றது. அதைவிட இலகுவான வெடி யாருக்கும் கிடைக்காது. சுட்டேன்.

மான் முதுகை வளைத்துக்கொண்டு, கால் இழுபட, காட்டுக்குள் போய்விட்டது. நான் இறங்கிப்போய் அது நின்ற இடத்தில் குனிந்தேன். புல்லில் இரத்தம் அதிகம் இல்லை. பச்சையும் மண்ணிறமும் கலந்த ஈரம் கொஞ்சம் இருந்தது. அதைப் பார்க்க முன்னமே மணம் வந்துவிட்டது. குசினியில் கத்தியைக் கீழே வைக்கச் செய்த அதே மணம்.

வயிற்றில் பட்ட மானை உடனே தேடிப் போகக் கூடாது என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். துரத்தினால் அந்த நிலையிலும் எழும்பி ஓடும், பிறகு கிடைக்கவே கிடைக்காது. மூன்று நாலு மணித்தியாலம் விட வேண்டும். புத்தகத்தில் அது ஒரு வரி. அங்கே நின்றபோதுதான், மான் உள்ளே படுத்துக் கிடக்க நான் வெளியே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதே அந்த வரி என்று விளங்கியது. காயப்பட்ட மிருகங்களைத் தேடவென்று நாய் பழக்கி வைத்திருக்கும் ஆட்கள் இங்கே உண்டு. ஒருவருக்குத் தொலைபேசி அடித்தேன். எட்டு மணிக்குச் சுட்டது, பன்னிரண்டுக்குத் தொடங்குவோம், எதையும் மிதிக்காமல் அங்கேயே இரு என்றார்.

பத்து மணிக்குக் கணவர் எடுத்தார். அன்று பின்னேரம் தேவாலயத்தில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை.

"பூசைக்கு வாறீரோ?"

"வரேலாது" என்றேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டார். "சுட்டுப்போட்டன். சாகேல்லை. எங்க கிடக்குதெண்டு தெரியாது."

தான் அப்போதே சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று அவர் சொல்வார் என நினைத்தேன். "தனியவோ நிக்கிறீர்?" என்றார். ஓம் என்றேன். "அப்ப அங்கயே நில்லும். விட்டிட்டு வராதையும்" என்றார்.

காயப்பட்டவர்களை விட்டுவிட்டு ஓடிவந்த நாட்கள் எங்கள் இருவருக்கும் உண்டு. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அன்றும் கதைக்கவில்லை. ஆனால் அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்து நான் அழுதேன்.

நாயோடு வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கிழமை நாட்களில் தபால்காரர். கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம், அதற்கேற்ற தோள். நாய் செங்கல் நிறத்தில் ஒட்டின உடம்போடு இருந்தது. நான் சுட்ட இடத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். ஏன், எப்படி என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீண்ட கயிற்றில் நாயை விட்டார். அது மூக்கை நிலத்தில் வைத்துக்கொண்டு, என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடங்களில் எல்லாம் இழுத்துக்கொண்டு போனது.

நானூறு மீட்டர் தூரத்தில், முட்பற்றைக்குள் அது கிடந்தது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எழும்ப முயன்றது, பின்னங்கால் கேட்கவில்லை. அவர் கயிற்றை என் கையில் தந்துவிட்டு, முதுகில் இருந்த துவக்கை எடுத்து ஒரே ஒரு வெடி வைத்தார். தலை மெதுவாகக் கீழே போனது.

இங்கே வேட்டைக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்த மானின் வாயில் ஒரு சின்னப் பச்சைக் கிளையை வைப்பார்கள், அதன் கடைசி உணவு என்று. இன்னொரு கிளையைக் காயத்தில் தொட்டு, சுட்டவருக்குக் கொடுத்து வாழ்த்துவார்கள். அதைத் தொப்பியில் செருகிக்கொள்வது பெருமை. அவர் கிளையை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. எனக்கு வேண்டாம், இது நான் செய்த பிழை என்றேன். அவர் அதை இரண்டாக முறித்து, ஒன்றை நாயின் கழுத்துப்பட்டியில் செருகினார். மற்றதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "சுட்டதற்கு இல்லை. காத்திருந்ததற்கு" என்றார்.

பிறகு என் துவக்கைக் கேட்டார். வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதோ செய்துவிட்டுத் திரும்பத் தந்தார். எதிரே மண்மேட்டில் இருந்த பழைய மரக்கட்டையைக் காட்டி, அதில் ஒரு வெடி வை என்றார். எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் முழங்காலில் இருந்து குறி பார்த்து அழுத்தினேன்.

டிக் என்றது. அவ்வளவுதான். தோட்டாவை அவர் கழற்றியிருந்தார், உள்ளே ஒன்றும் இல்லை. சத்தமும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழலின் முனை சட்டென்று நிலத்தைப் பார்த்துக் குனிந்திருந்தது. தோள் காதுவரை ஏறியிருந்தது. என் கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.

கண் தெரியாதவர்கள் ஏன் துவக்குத் தூக்குகிறீர்கள் என்று முற்றத்தில் நின்று கேட்டவள் நான்.

"உதைக்கிறதா?" என்று கேட்டார். முதல்முறையாக ஒரு மனிதரிடம் ஓம் என்றேன். பிறகு கடையில் நடந்தது, பானைக் கதை, கண்டல், ஸ்கோப் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தன் துவக்கைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்து என் கையில் போட்டார். மெல்லியது. ஆறரை மில்லிமீட்டர். கடைக்காரர் எனக்கு முதலில் எடுத்து வைத்த அதே தோட்டா. உங்களுக்குமா என்றேன். தனக்கும் பெரியது உதைக்கும் என்றார். மானுக்குத் தேவை சரியான இடத்தில் ஒரு வெடி, அதைக் கண் திறந்திருக்கிற ஆளால்தான் வைக்க முடியும், வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு நாய்க்குத் தண்ணீர் வைத்தார்.

மானை விடுதிக்குக் கொண்டுபோனபோது குத்தகைக்காரர் முற்றத்தில் நின்றார். அவருடைய கூட்டாளிகளும் நின்றார்கள். அன்று நான் பேசிய பேச்சைத் திருப்பித் தருவதற்கு அதைவிட நல்ல நேரம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. குத்தகைக்காரர் கையுறையைப் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. நானே சொன்னேன்: கண்ணை மூடிக்கொண்டு சுட்டிருக்கிறேன், அன்று நான் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அன்று நான் கத்தியை வைத்துவிட்டு வந்த, வயிறு கிழிந்த அந்த மானைச் சுட்டது தானேதான் என்றார் அவர். அதுவரை எனக்கு அது தெரியாது. பிறகு இருவரும் சேர்ந்து கழுவினோம். பின்பாதி இறைச்சி பெரும்பாலும் பழுதாகிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் கணவர், "கண்டுபிடிச்சனீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். தைலப் போத்தலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். பானை இடிக்கவில்லை என்றேன். "தெரியும்" என்றார்.

இரண்டு கிழமை கழித்து அதே கடைக்குப் போய், பெண்கள் எடுக்கிற அந்தத் தோட்டாவுக்கு ஒரு துவக்கு வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது என்னவோ செய்கிறது. நான் யாருக்கு முன்னால் குறைந்துபோகக் கூடாது என்று வீம்பு பிடித்தேனோ, அந்த மனிதர் நான் கடையை விட்டு இறங்கியதும் என்னை மறந்துவிட்டிருக்கிறார்.

அந்தக் கிளை காய்ந்துபோய், துவக்கு அலுமாரியின் மேல்தட்டில் இன்னும் இருக்கிறது. அதன்பிறகு அதிகம் சுடவில்லை. சுட்டவை நின்ற இடத்தில் விழுந்தன. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அலுமாரியைத் திறக்கும்போது அந்தக் கிளை கண்ணில் படும். கடையில் அரை நிமிடம் என் தலை குனியக் கூடாது என்பதற்காக, ஒரு மான் முட்பற்றைக்குள் நாலு மணித்தியாலம் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு கிடந்தது என்பதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை.